வைட்டமின் டி-யும் எடைப் பயிற்சியும்: எங்கே சறுக்குது?

கர்லாக்கட்டை:
ரத்த டெஸ்ட் எடுக்காம வைட்டமின் டி மருந்தை ஆரம்பிக்காதீங்க. கேட்டு வாங்க வேண்டியது ‘25-ஹைட்ராக்சி வைட்டமின் டி’. ‘1,25’னு இருக்கிற இன்னொன்னு குறைபாடு உள்ளவங்களுக்கும் நார்மல்னு காட்டும், காசு தண்டம். மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தா குறைபாடு. ரொம்பக் குறைஞ்சா தொடையும் இடுப்பும்தான் முதல்ல சோரும்: தரையில உட்கார்ந்தா கை ஊன்றாம எழ முடியாது, ஸ்குவாட்ல (உட்கார்ந்து எழுற பயிற்சி) இறங்கினா ஏற முடியாது. அவங்களுக்கு டி3 (மருந்தா வர்ற வைட்டமின் டி வகை) கைகொடுக்கும். ஏற்கெனவே 40 இருக்கிறவர் விழுங்கினா பைசெப்ஸ் ஒரு நூல்கூட ஏறாது. முடிக்கு பயோட்டின் சாப்பிடுறவங்க டெஸ்ட்டுக்கு 3 நாள் முன்னாடியே நிறுத்திடுங்க. சில லேப் மெஷின்ல அளவு பொய்யா ஏறித் தெரியும்.

மருந்துச்சீட்டு:
பெரிய குளறுபடி அந்த 60,000 யூனிட் டி3 சாஷேயிலதான் (பொடிப் பாக்கெட்). டாக்டர் எழுதுறது வாரம் 1, வழக்கமா 8 வாரம். அதைத் தினம் 1னு நினைச்சுப் போட்டா ரத்தத்துல கால்சியம் எகிறும். அடங்காத தாகம், மலச்சிக்கல், வாந்தி, அடிக்கடி சிறுநீர், கடைசியில கிட்னிக்கே ஆபத்து. ஞாயித்துக்கிழமைன்னு காலண்டர்ல வட்டம் போட்டுடுங்க. கறிக்குழம்புச் சாப்பாடு முடிச்ச கையோட பால்ல கலக்கிக் குடிச்சா இன்னும் நல்லது, கொழுப்போட சேர்ந்தாதான் நல்லா உடம்புல ஏறும். வெறும் வயித்துல கட்டங்காப்பியோட போடுறவங்க இதைக் கவனிங்க. டப்பாவுல மைக்ரோகிராம் போட்டிருந்தா 40-ஆல பெருக்குங்க, யூனிட் வந்துடும். கிட்னியில கல் இருந்தவங்க டாக்டரைக் கேட்காம தொடவே வேண்டாம்.

தண்டால்72:
சாஷே போட்ட மறுநாளே எடையைக் கூட்டாதீங்க தம்பிகளா. குறைபாடு முத்தினவங்களுக்கு எலும்பும் மெலிஞ்சிருக்கும். முழங்காலுக்குக் கீழே முன் எலும்பை அழுத்தினா வலிச்சா பார்பெல்லை விடுங்க, டாக்டரைப் பாருங்க. வலி இல்லைன்னா நாற்காலியில உட்கார்ந்து எழுற ஸ்குவாட், 3 செட் (சுற்று), செட்டுக்கு 10 ரெப் (தடவை), வாரம் 2 நாள். 3 செட்லயும் 12 சுலபமா வந்தா மட்டும் 2 கிலோ டம்பெல் கையில எடுங்க. புரதம் தினமும் உடல் எடையில கிலோவுக்கு 1.6 கிராம் கணக்கு. 65 கிலோ ஆளுக்கு 104 கிராம். 3 முட்டையில வர்றது 18தான், மிச்சத்துக்கு வழி பண்ணாம டி-யைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை.

மறு டெஸ்ட் 3 மாசம் கழிச்சு, அதே லேப்ல. 2 வாரத்துல எடுத்தா அளவு இன்னும் நிலைக்கு வந்திருக்காது.