இனத்துக்கு இல்லாத விலக்கு பாலினத்துக்கு ஏன்?

செந்தில்நாதன்:
அமெரிக்காவின் 1964 குடிமை உரிமைகள் சட்டப்படி இனம், நிறம், மதம், பாலினம், பூர்வீக நாடு பார்த்து வேலை மறுக்கக்கூடாது. ஆனால் வேலைக்கு உண்மையிலேயே அவசியம் என்றால் ஆணை மட்டுமோ பெண்ணை மட்டுமோ எடுக்கலாம். இனத்துக்கு அந்த விலக்கு கிடையாது. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது. பெண்கள் காப்பகத்தில் இரவுப் பணிக்குப் பெண்தான் வேண்டும் என்று கேட்பதில் என்ன தவறு?

மலர்விழி:
காப்பகம் சரி. உச்ச நீதிமன்றத்தில் அந்த விலக்கு யாருக்கு உதவியது என்று பாருங்கள். 1977, டோத்தர்ட் எதிர் ராலின்சன் வழக்கு. அலபாமாவில் சிறைக்காவலர் வேலை கேட்டு வந்த பெண்ணை, எடை 120 பவுண்டு இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். எடை விதி செல்லாது என்றது நீதிமன்றம். ஆனால் ஆண்களுக்கான உச்சப் பாதுகாப்புச் சிறைகளில் கைதிகளோடு நேரடியாகப் பழகும் பணிக்குப் பெண் கூடாது என்ற விதியை அப்படியே விட்டுவிட்டது. அதற்கு நீதிமன்றம் காட்டிய காவலர் பற்றாக்குறை, பாலியல் குற்றவாளிகளைப் பிரித்து வைக்காதது எல்லாம் நிர்வாகத்தின் குறை. வேலை போனது பெண்ணுக்கு! நீதிபதி மார்ஷல் இதைக் கண்டித்து மாறுபட்ட தீர்ப்பு எழுதினார். கறுப்பினக் காவலர் வந்தால் கைதிகள் தாக்குவார்கள் என்று சொல்லி அவருக்கு வேலை மறுக்க முடியுமா?

செந்தில்நாதன்:
அந்த ஒரு தீர்ப்பை வைத்து விலக்கையே எடைபோடாதீர்கள். பயணிகளுக்குப் பணிப்பெண்களைத்தான் பிடிக்கும் என்று பான் ஆம் விமான நிறுவனம் ஆண்களை மறுத்தபோது, 1971இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அப்புறம், இனத்துக்கு இருக்கும் கண்டிப்பைப் பாலினத்துக்கும் வைத்தால், அரசுப் பள்ளியில் பெண்களுக்கென்று தனி ஓட்டப்பந்தயம் நடத்துவதே சிக்கலாகிவிடும்.

மலர்விழி:
பந்தயம் தனியாகவே இருக்கட்டும், நஷ்டஈட்டுக்கு வாருங்கள். அந்த 1964 சட்டப்படி வழக்குப் போட்டால், மன உளைச்சலுக்கான தொகையும் நிறுவனத்தைத் தண்டிக்க விதிக்கும் தொகையும் சேர்த்து, 500 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனத்திடமே 3 லட்சம் டாலருக்கு மேல் வாங்க முடியாது. 1991இல் வைத்த வரம்பு, விலைவாசி ஏறியும் இன்றுவரை ஏறவில்லை. இனப் பாகுபாடு என்றால் 1866ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியாகப் போகலாம், அதில் வரம்பே இல்லை. பாலியல் தொல்லைக்கு ஆளான பெண்ணுக்கு அந்த வழி கிடையாது. இதற்கு எந்த உடல் வேறுபாட்டைக் காரணம் சொல்வீர்கள்?

அன்வர்:
இன்னொரு பக்கமும் இருக்கிறது. அரசு இனம் பார்த்துப் பிரித்தாலும் பாலினம் பார்த்துப் பிரித்தாலும் ஒரே கண்டிப்பான அளவுகோலால் சோதிக்க வேண்டும் என்று 1973இல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளில் நான்கு பேர் சொன்னார்கள், பெரும்பான்மைக்கான ஐந்தாவது ஓட்டு கிடைக்கவில்லை. 1976இல் பாலினத்துக்கு நடுத்தரமான அளவுகோல் வந்தது. அது தளர்வாக இருப்பதால்தான் பெண்களுக்கான அரசுத் திட்டங்களை வழக்கில் காப்பாற்றுவது சற்று எளிது. இனத்தைப் பார்த்துக் கல்லூரியில் இடம் கொடுத்ததை 2023இல் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது தெரியும்தானே?

மலர்விழி:
தெரியும், அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனால்தான் முதலில் நஷ்டஈட்டு வரம்பை எடுக்கச் சொல்கிறேன். அதற்கு அரசியல் சாசனத்தைத் தொடவே வேண்டாம், அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒரு சட்டத்திருத்தம் போட்டால் போதும்.

செந்தில்நாதன்:
வரம்பை எடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. விலக்கில் மட்டும் கை வைக்காதீர்கள்.