போஸ்ட்பேக்: மீளனுப்பா, மீள்வரவா?

நண்பர்களே,

மைக்ரோசாஃப்டின் இணையப் பக்கக் கட்டமைப்பான ஏஎஸ்பி.நெட் வெப் ஃபார்ம்ஸில் வரும் 'போஸ்ட்பேக்' என்பதற்கு 'மீளனுப்பு' என்று போடலாமா? பொத்தானை அழுத்தினாலும், ஆட்டோபோஸ்ட்பேக் (மாற்றியதும் தானே அனுப்பும் பண்பு) வைத்த தெரிவுப்பட்டியை மாற்றினாலும் படிவம் அதே பக்கத்துக்குத்தான் போகிறது. அனுப்புவது உலாவி, அதனால் அனுப்பு.

---

> அனுப்புவது உலாவி, அதனால் அனுப்பு.

இது ஒத்துவராது. எஃப்5 தட்டினால் 'படிவத்தை மறுபடி அனுப்பவா' என்று உலாவி கேட்கிறதே, மீளனுப்பு என்றதும் அதுதான் நினைவுக்கு வரும். அங்கே போன தரவே இன்னொரு முறை போகிறது. போஸ்ட்பேக் அப்படியல்ல.

இந்தச் சொல் அதிகம் புழங்கப்போவதும் வழங்கி (சர்வர்) பக்க நிரலில்தான். இஸ்போஸ்ட்பேக் சோதனை கேட்பது, வந்த கோரிக்கை முதல் கோரிக்கையா, போஸ்ட்பேக்கா என்பதை. 'மீள்வரவா?' என்றால் முடிந்தது. 'முதல்வரவு' என்று இணைச்சொல்லும் கிடைக்கிறது.

பேஜ்_லோட் (பக்கம் ஏறும்போது வழங்கியில் ஓடும் நிரல்) முதல்வரவிலும் ஓடும், ஒவ்வொரு மீள்வரவிலும் ஓடும். பொத்தானின் கிளிக் நிகழ்வு அதற்குப் பிறகுதான். ஆட்டோபோஸ்ட்பேக் வைத்த மூன்று தெரிவுப்பட்டி, ஒரு கிரிட்வியூ (தரவு அட்டவணை), நான்கையும் பேஜ்_லோடிலேயே நிரப்புகிறீர்கள் என்று வையுங்கள். பயனர் மூன்று பட்டியையும் மாற்றிவிட்டு 'தேடு' அழுத்தினால் பக்கம் 5 முறை ஏறும், தரவுத்தளத்துக்கு 20 வினவல் போகும். இஸ்போஸ்ட்பேக் சோதனையைக் காவலாக வைத்து முதல்வரவில் மட்டும் நிரப்பி, தேடலில் கிரிட்டை மட்டும் நிரப்பினால், பட்டிகள் ஒன்றையொன்று சாராதவை என்றால் தேவை 5 தான்: முதல்வரவில் 4, தேடலில் 1.

வினவல் வீணாவதோடு போகவில்லை. பயனர் தேர்ந்த மதிப்பு பேஜ்_லோடுக்கு முன்பே பட்டியில் ஏறிவிடுகிறது. அங்கே மறுபடி டேட்டாபைண்ட் செய்தால் (தரவை நிரப்பினால்) அது அழிந்து, பட்டி முதல் உருப்படிக்குத் திரும்பிவிடும். 'எதைத் தேர்ந்தாலும் முதலாவதுதான் வருகிறது' என்ற புகாரின் வேர் பெரும்பாலும் இதுவே.

---

> மீள்வரவா?

நேற்று வந்த பயனர் இன்று வந்தாலும் மீள்வரவு என்றுதானே படிப்பார்கள்? வருகைக் கணக்கில் அப்படித்தான் பொருள்.

இன்னொரு திருத்தம். 'முதல்வரவில் மட்டும் நிரப்பு' என்பது வியூஸ்டேட் (பட்டி, கிரிட் போன்றவற்றின் நிலையைப் பக்கத்திலேயே மறைத்து வைப்பது) இருக்கும்வரைதான் சரி. அதை அணைத்தால் மீள்வரவில் பட்டி காலியாக வரும். அப்போது ஒவ்வொரு முறையும், பேஜ்_லோடுக்கு முன்பே ஓடும் பேஜ்_இனிட்டில் நிரப்ப வேண்டும், பயனரின் தேர்வு அதன்பின் வந்து உட்காரும். வினவலை மிச்சப்படுத்த, மாறாத பட்டியலைக் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வையுங்கள். பெரிய கிரிட்டுக்கு வியூஸ்டேட்டைத் திறந்து வைப்பதும் இலவசமல்ல: வரிசைகள் எல்லாம் மறைபுலமாகப் பக்கத்தோடு இறங்கி, அடுத்த சொடுக்கில் திரும்ப ஏறும்.

---

வருகைக் கணக்கோடு குழம்பும் என்பது உண்மை. முதல் இடத்தில் 'படிவ மீள்வரவு' என்று எழுதிவிட்டு, பிறகு சுருக்கிக்கொள்ளலாம். முகவரியைத் தட்டி நூறாவது முறை வந்தாலும் அது முதல்வரவுதான் என்று ஓர் எடுத்துக்காட்டும் சேர்த்தால் போதும்.

பக்கத்தின் ஒரு பகுதியை மட்டும் புதுப்பிக்கும் அப்டேட்பேனல் செய்வதற்குப் 'பகுதி மீள்வரவு'. இங்கே 'பகுதி' என்பது திரையில் மாறும் இடத்துக்கு மட்டும். வழங்கியில் பேஜ்_லோட் முழுக்க ஓடுகிறது, இஸ்போஸ்ட்பேக்கும் உண்மை என்றே வரும். காவல் இல்லாத வினவல் இங்கும் போகும், திரை மினுங்காததால் யார் கண்ணிலும் படாது.

ஆட்டோபோஸ்ட்பேக்கை மட்டும் மொழிபெயர்க்க வேண்டாம். அது நிரலில் அப்படியே தட்ட வேண்டிய பண்பின் பெயர்.