வெளி இணைப்பைப் போடப் போட நீக்குகிறார்கள், என்ன செய்யலாம்?

லிந்துலைக்காரன்:
தமிழ் விக்கிப்பீடியாவில், இலங்கை மலையகத்தின் சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக் கட்டுரையின் அடியில் மூன்று வெளி இணைப்புப் போட்டேன். ஒன்று, போகும் வழி, பஸ், தங்குமிடம் சொல்லும் சுற்றுலாத் தளம். மற்றது யூடியூப்பில் உள்ள ட்ரோன் வீடியோ. மூன்றாவது, மேல் கொத்மலை நீர்மின் திட்டம் பற்றிய கட்டுரை வந்த பழைய சஞ்சிகை, நூலகம் என்ற இணைய நூலகத் தளத்தில் இருக்கிறது. ஒருவர் மூன்றையும் தூக்கிவிட்டார். திரும்பப் போட்டேன், திரும்பத் தூக்கினார். இப்படி இரண்டு தரம். "இணைப்புக் களஞ்சியம் அல்ல" என்று மட்டும் தொகுப்புச் சுருக்கத்தில் (மாற்றத்துக்குக் காரணம் எழுதும் சிறு பெட்டியில்) எழுதியிருக்கிறார். யார் பக்கம் சரி?

மணல்தொட்டி:
முதலில் மீளமைப்பதை, அதாவது மற்றவர் செய்த மாற்றத்தை இல்லாமல் செய்வதை, நிறுத்துங்க தம்பி. ஒரே பக்கத்தில் 24 மணித்தியாலத்துக்குள் மூன்று தடவைக்கு மேல் மீளமைத்தால் தடை விழும். மூன்று வரை போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை, இழுபறி என்று தெரிந்தால் அதற்கு முன்னமே தடுக்கலாம். சர்ச்சைக்குரிய இணைப்பு உடன்பாடு வரும்வரை வெளியே இருக்க வேண்டும், சேர்க்கச் சொல்பவர்தான் நியாயம் காட்ட வேண்டும் என்பது ஆங்கில விக்கியின் வழிகாட்டல். தமிழிலும் வாக்குவாதம் வந்தால் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதுதான் உங்கள் பிழை. தூக்கியவரும் அதே மூட்டையாகத் தூக்கிவிட்டார். பிரித்துப் பாருங்க.

சுற்றுலாத் தளம் போகட்டும். அறை பதிவு செய்யும் பொத்தான் உள்ள பக்கம் எதுவுமே நிற்காது. எல்லயில் ஒன்பது வளைவுப் பாலம் மாதிரியான கட்டுரைகளுக்கு இதே தொல்லைதான், ஒரு தங்குமிடத்துக்கு இடம் கொடுத்தால் அடுத்த கிழமை பத்துப் பேர் வரிசையில் நிற்பார்கள். வரைபட இணைப்பும் வேண்டாம். தகவற்சட்டத்தில் (கட்டுரையின் பக்கத்தில் வரும் விவரப் பெட்டியில்) ஆள்கூறுகளைக் கொடுத்தால் போதும், அதைச் சொடுக்கினாலே வரைபடச் சேவைகளின் பட்டியல் வந்துவிடும்.

வீடியோவில் கேட்க வேண்டியது ஒன்றுதான்: ஏற்றியவர் எடுத்ததா, வேறு யாருடையதையோ எடுத்துப் போட்டதா? தொலைக்காட்சி நிகழ்ச்சியை வெட்டிப் போட்ட வீடியோ என்றால் பதிப்புரிமை மீறலுக்கு வழிகாட்டியதாகிவிடும், பேச்சே இல்லை. எடுத்தவரே ஏற்றியது என்றால், சிசி பிஒய்-எஸ்ஏ 4.0 என்ற கட்டற்ற உரிமத்தில் பொதுவகத்தில் (விக்கிகளுக்கான பொதுக் கோப்புக் களஞ்சியத்தில்) ஏற்றச் சொல்லிக் கேளுங்க. எம்பி4 கோப்பைப் பொதுவகம் எடுக்காது, வெப்எம் ஆக மாற்ற வேண்டும். அப்படி ஏற்றினால் கட்டுரைக்குள்ளேயே ஓடும், வெளி இணைப்பே தேவைப்படாது.

பதுளை வாசகி:
மணல்தொட்டி அண்ணே சொல்வது முதல் இரண்டுக்கும் சரி. சஞ்சிகையை மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். மலையகம் பற்றித் தமிழில் அச்சில் வந்தது கொஞ்சம், அதில் இணையத்தில் திறந்து வாசிக்கக் கிடைப்பது அதிலும் கொஞ்சம். ஆங்கில விக்கியின் அளவுகோலை அப்படியே தூக்கி வந்தால் இந்தப் பக்கங்களில் தமிழ் மூலமே மிஞ்சாது.

மணல்தொட்டி:
மூலத்தைத் தூக்கச் சொல்லவில்லை தங்கச்சி, "வெளி இணைப்புகள்" என்ற தலைப்பின் கீழ் வைக்காதே என்கிறேன். இரண்டும் வேறு வேறு. அந்தத் தலைப்பு மேலதிக வாசிப்புக்கு. கட்டுரையில் உள்ள ஒரு வசனத்துக்கு ஆதாரம் என்றால் அது மேற்கோள். மேல் கொத்மலை 150 மெகாவாற் மின்நிலையம், அதற்காக ஆற்றைத் தலவாக்கலையில் மறித்தது, அதனால் நீர்வீழ்ச்சியில் தண்ணீர் குறைந்தது, இதையெல்லாம் கட்டுரையில் இரண்டு வசனமாக எழுதி, வசன முடிவில் சஞ்சிகையின் பெயர், இதழ், ஆண்டு, பக்க எண்ணோடு மேற்கோள் கொடுத்தால் யாரும் கை வைக்க மாட்டார்கள். வைத்தால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும்.

பதுளை வாசகி:
அதை ஒத்துக்கொள்கிறேன். ஒன்று சேர்த்துக்கொள்ளுங்க: இணைப்பு நேரே பிடிஎஃப் கோப்புக்குப் போகாமல், அந்த இதழின் விவரப் பக்கத்துக்குப் போகட்டும். அலைபேசியில் பார்ப்பவருக்குப் பெரிய கோப்பு திடீரென்று இறங்காது, எந்த இதழ் என்பதும் தெரியும். ஒரே நாளில் இருபது தோட்டக் கட்டுரைகளில் ஒரே தளத்தின் இணைப்பை மட்டும் ஒட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். தளம் எவ்வளவு நல்லதாக இருந்தாலும், அண்மைய மாற்றங்கள் பட்டியலில் பார்ப்பவருக்கு அது எரிதமாகத்தான் (விளம்பரக் குப்பையாகத்தான்) தெரியும்.

லிந்துலைக்காரன்:
விளங்குது. சுற்றுலாத் தளத்துக்காரர் ஒருவர், விக்கியில் இணைப்பு இருந்தால் கூகுளில் மேலே வரும் என்கிறார். உண்மையா?

மணல்தொட்டி:
அந்தக் கணக்குப் பழசு. 2007 முதல் விக்கியின் வெளி இணைப்புகளில் 'நோஃபாலோ' குறி விழுகிறது, இதைத் தரவரிசைக்கு எடுத்துக்கொள்ளாதே என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி அது. விடாமல் போட்டுக்கொண்டிருந்தால் தளமே கரும்பட்டியலுக்குப் போய்விடும். எல்லா விக்கிகளுக்கும் பொதுவான மெட்டாவிக்கியின் பட்டியலில் ஏறினால் எல்லா மொழி விக்கிகளிலும் அந்த முகவரியைச் சேமிக்க முடியாது. பிட்.லி மாதிரி குறுமுகவரிகள் சேமிக்கும்போதே மறுக்கப்படுவதும் இந்தப் பட்டியலால்தான், முழு முகவரியைப் போடுங்க.

பதுளை வாசகி:
இனிச் செய்ய வேண்டியது: கட்டுரையின் பேச்சுப் பக்கத்தில் புதிய தலைப்புப் போட்டு, எந்த இணைப்பு, எந்த வசனத்துக்கு ஆதாரம், எந்தப் பக்கம் என்று மூன்று வரி எழுதி, நான்கு அலைக்குறி ~~~~ போட்டுக் கையொப்பமிடுங்க. நீக்கியவரின் பயனர் பெயரை இணைத்து எழுதினால்தான் அவருக்கு அறிவிப்புப் போகும். "ஏன் நீக்கினீர்கள்" என்று தொடங்காமல் "இதை மேற்கோளாக மாற்றலாமா" என்று தொடங்குங்க. ஒரு கிழமை பாருங்க. பதில் வராவிட்டால் ஆலமரத்தடியில், அதாவது தமிழ் விக்கியின் பொதுக் கலந்துரையாடல் பக்கத்தில், கேளுங்க.

மணல்தொட்டி:
வெளி இணைப்புக்கு ஒற்றைச் சதுர அடைப்பு, முகவரிக்கும் தலைப்புக்கும் நடுவில் வெறும் இடைவெளி. இரட்டை அடைப்பும் செங்குத்துக் கோடும் உள்ளிணைப்புக்கு. கோட்டை வெளி இணைப்பில் இடைவெளி விடாமல் போட்டால் அது முகவரியோடு ஒட்டிக்கொள்ளும், சொடுக்கினால் பக்கம் கிடைக்காது. அதைப் பார்த்து "செத்த இணைப்பு" என்று யாராவது மறுபடி தூக்குவார்கள்.