அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: அன்லாக்டு ஃபோன் வாங்கி சிம் போடுவது எப்படி

ஆகஸ்டிலும் ஜனவரியிலும் புது மாணவர்கள் வந்து இறங்கியதும் என்னிடம் அதிகம் கேட்பது, "அண்ணா, எந்த ஃபோன் வாங்கலாம்?" என்றுதான். ஃபோனைக் கடைசியில் பாருங்கள் என்பதே எல்லோருக்கும் என் பதில். முதலில் நீங்கள் தங்கும் வீட்டிலும் போய்வரும் இடங்களிலும் எந்த நெட்வொர்க் நன்றாக எடுக்கிறது என்று பாருங்கள். அப்புறம் அந்த நெட்வொர்க்கில் ஒரு பிளான். அந்த நெட்வொர்க் ஏற்றுக்கொள்ளும் அன்லாக்டு ஃபோன், அதாவது எந்த ஒரு நிறுவனத்துக்கும் பூட்டப்படாத ஃபோன், அதற்குப் பிறகு. ஊரில் எந்த ஃபோனில் எந்த சிம்மைப் போட்டாலும் ஓடும் என்பதால் இந்த வரிசை நமக்குப் பழக்கமில்லை. இங்கே வரிசையை மாற்றினால் பணம் வீணாகும்.

அமெரிக்கா முழுக்கச் சொந்த டவர் வைத்திருக்கும் பெரிய நிறுவனங்கள் மூன்று: வெரைசன், ஏடி அண்ட் டி, டி-மொபைல். மின்ட், டெல்லோ, விசிபிள், கிரிக்கெட் என்று நீங்கள் கேள்விப்படும் மற்ற பெயர்கள் எல்லாம் இந்த மூவரின் டவரில் ஓடுபவை. மின்ட்டும் டெல்லோவும் டி-மொபைல் டவர். விசிபிள் வெரைசன். கிரிக்கெட் ஏடி அண்ட் டி. யுஎஸ் மொபைலில் மூன்றில் எது வேண்டும் என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். ஆகவே "மின்ட் நல்லா இருக்குமா?" என்று கேட்காதீர்கள், "என் தெருவில் டி-மொபைல் எடுக்குமா?" என்று கேளுங்கள். அமெரிக்க அரசின் தகவல்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் தேசிய பிராட்பேண்ட் வரைபடத்தில் முகவரியைப் போட்டால் யாருடைய சிக்னல் எங்கே என்று தெரியும். ஆனால் அது வெளியில் நிற்பவருக்கும் காரில் போகிறவருக்குமான கணக்கு. பேஸ்மென்ட் அறையில் வாடகைக்கு இருப்பவர்கள் அதை நம்பி முடிவெடுக்கக் கூடாது. அதே வீட்டில் இருப்பவர்களைக் கேளுங்கள். ஈசிம் (அட்டை இல்லாமல் ஃபோனுக்குள்ளேயே ஏற்றும் சிம்) போடும் வசதியுள்ள ஃபோன் கையில் இருந்தால் இலவச சோதனை ஈசிம் கிடைக்கிறதா என்று பாருங்கள். பெரிய நிறுவனங்கள் அவ்வப்போது தருகிறார்கள், பணம் கட்டாமலே சிக்னலைப் பார்த்துவிடலாம்.

அடுத்தவர் டவரில் ஓடும் மலிவு பிளான்களில் ஒரு குறை உண்டு. கூட்டம் நெரியும்போது அந்த டவரின் சொந்த வாடிக்கையாளர்களுக்கு முதலிடம், உங்கள் இன்டர்நெட் மெதுவாகும். கால்பந்து ஆட்டம் நடக்கும் நாளில் கேம்பஸில் அது தெரியும். மற்ற நாட்களில் பெரும்பாலும் தெரியாது. புதிதாக வந்தவருக்கு அந்த விலை வித்தியாசம் பெரிய உதவி என்பதால் நான் தயங்காமல் இவற்றைத்தான் சொல்வேன்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. மாதக் கடைசியில் பில் வரும் போஸ்ட்பெய்டு பிளானுக்கு கிரெடிட், அதாவது உங்கள் கடன் வரலாறு, பார்ப்பார்கள், அதற்கு எஸ்எஸ்என் என்ற சமூகப் பாதுகாப்பு எண்ணைக் கேட்பார்கள். எஃப்-1 விசாவில் வரும் மாணவருக்குக் கேம்பஸ் வேலையோ, சிபிடி, ஓபிடி எனும் மாணவர் வேலை அனுமதியோ கிடைத்த பிறகுதான் எஸ்எஸ்என் வரும். ஹெச்-1பி வேலை விசாவில் வருபவருக்கும் வந்த அன்றே கையில் இருக்காது. ப்ரீபெய்டுக்கு இது எதுவும் வேண்டாம். முதல் வருடம் ப்ரீபெய்டிலேயே இருங்கள்.

இப்போது அந்த "இலவச ஐபோன்" விளம்பரம். கடைக்குள் நுழைந்தாலே அதைத்தான் காட்டுவார்கள். ஃபோனின் முழு விலையை 24 அல்லது 36 மாதத் தவணையாக உங்கள் பெயரில் எழுதிவிடுவார்கள், ஒவ்வொரு மாதமும் அந்தத் தவணைக்கு ஈடான தொகையை பில்லில் கழிப்பார்கள். அந்தக் கழிவு கிடைக்க விலை கூடின பிளானில் கடைசி மாதம் வரை இருக்கவேண்டும். நடுவில் விலகினால் கழிவு நின்றுவிடும், மீதித் தவணை மொத்தமும் உங்கள் தலையில் விழும். அதைவிட முக்கியம், அந்த ஃபோன் அதுவரை அந்த நிறுவனத்துக்கே லாக் ஆகியிருக்கும். தவணை முழுதும் கட்டிய பிறகே பெரும்பாலும் லாக்கை எடுப்பார்கள். விடுமுறைக்குச் சென்னை போய் ஏர்டெல் சிம் போட்டால் ஏற்காது. இரண்டு வருடப் படிப்புக்கு வந்தவர் மூன்று வருடத் தவணையில் கையெழுத்துப் போடுவதை என்னால் எப்படியும் சரி என்று சொல்லமுடியாது. வால்மார்ட்டில் கொக்கியில் தொங்கும் மலிவு ப்ரீபெய்டு ஃபோன்களும் அப்படித்தான், அந்தந்த பிராண்டுக்கு லாக் ஆனவை.

"ஊரிலிருந்து கொண்டுவந்த ஃபோன் போதாதா?" என்று அடுத்த கேள்வி வரும். ஐபோன் என்றால் பெரும்பாலும் போதும். ஆண்ட்ராய்டு என்றால் பார்த்துத்தான் சொல்லவேண்டும், இங்கேதான் நிறையப் பேர் மாட்டுகிறார்கள், அதனால் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன்.

2022இல் மூன்று நிறுவனங்களும் 3ஜியை மூடின: ஏடி அண்ட் டி பிப்ரவரியில், டி-மொபைல் ஜூலையில், வெரைசன் டிசம்பர் கடைசியில். அதன்பின் குரல் அழைப்பு 4ஜி, 5ஜி வழியாகவே போகவேண்டும். ஊரில் ஜியோவும் ஏர்டெல்லும் தரும் அதே வோல்டிஇ (4ஜி வழியே பேசும்) முறைதான். ஆனால் இது ஓடுவதற்கு ஒவ்வொரு நிறுவனத்துக்கான அமைப்பும் ஃபோனின் மென்பொருளில் இருக்கவேண்டும். இந்தியாவில் விற்கும் ஃபோனில் இந்திய நிறுவனங்களுக்கானது இருக்கும். அமெரிக்க நிறுவனங்களுக்கானது இருக்கும் என்று உறுதியில்லை. இதனால் ஏடி அண்ட் டி தான் ஏற்கும் ஃபோன் மாடல்களுக்கு ஒரு பட்டியலே வைத்திருக்கிறது, அதில் இல்லாத ஃபோனை உள்ளே விடுவதில்லை. வெரைசனும் தான் சோதித்து ஒப்புக்கொண்ட மாடல்களையே எதிர்பார்க்கும். மூவரில் டி-மொபைல்தான் இதில் கொஞ்சம் தாராளம். விவோ, ஓப்போ, ரியல்மி, ரெட்மி ஃபோன்கள் இந்த நாட்டில் முறைப்படி விற்கப்படுவதில்லை, ஆகவே அவற்றை வைத்திருப்பவர்கள் முதலில் டி-மொபைல் டவரில் ஓடும் பிளானைப் பாருங்கள்.

இதில் ஆபத்தான நிலை ஒன்று உண்டு. இன்டர்நெட் ஓடும், வாட்ஸ்அப் பேசும், எல்லாம் சரியாக இருப்பதுபோலத் தெரியும். ஆனால் சாதாரண அழைப்பு போகாது. நம் பிள்ளைகள் வாட்ஸ்அப்பிலேயே பேசுவதால் மாதக்கணக்கில் கவனிக்க மாட்டார்கள். அவசரத்துக்கு 911 அழைக்கும்போது போகாவிட்டால் என்ன செய்வது? இன்டர்நெட் வந்ததும் திருப்தி அடையாமல் ஒரு சாதாரண கால் போட்டுப் பாருங்கள் என்று நான் விடாமல் சொல்வது இதற்காகத்தான்.

அலைவரிசையும் ஒரு விஷயம். டி-மொபைல் வீட்டுக்குள்ளும் கிராமப்புறத்திலும் எடுப்பதற்குக் காரணம் 600 மெகாஹெர்ட்ஸில் இருக்கும் 71ஆம் பேண்ட். இந்தியாவில் விற்கும் பல ஆண்ட்ராய்டு ஃபோன்களில் அது இருக்காது. ஊரில் 5ஜி பெரும்பாலும் ஓடுவது என்78 பேண்டில், அது 3300 முதல் 3800 மெகாஹெர்ட்ஸ் வரை. வெரைசனும் ஏடி அண்ட் டியும் வேகமான 5ஜிக்கு நம்பியிருப்பது 3700 முதல் 3980 வரையுள்ள பகுதியை, அதற்கு என்77 வேண்டும். "என் ஃபோனும் 5ஜிதானே, ஏன் எடுக்கவில்லை?" என்பதற்கு விடை பெரும்பாலும் இங்கே இருக்கிறது.

இதையெல்லாம் மனப்பாடம் செய்யவேண்டியதில்லை. ஃபோனில் *#06# அழுத்துங்கள், ஃபோனின் அடையாள எண்ணான 15 இலக்க ஐஎம்இஐ வரும். நீங்கள் சேரப்போகும் நிறுவனத்தின் இணையதளத்தில் சொந்த ஃபோனைக் கொண்டுவருபவர்களுக்கான பக்கம் இருக்கும், அங்கே அந்த எண்ணைப் போட்டால் ஏற்குமா ஏற்காதா என்று சொல்லிவிடும். இரண்டு ஐஎம்இஐ இருந்தால் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பதிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தையாக "எல்லாம் ஓடும்" என்பதைவிட இது பல மடங்கு மேல்.

புதிதாக வாங்குவதென்றால் ஆப்பிள், சாம்சங், கூகுள் மூன்றின் சொந்தத் தளத்திலும் அன்லாக்டு கிடைக்கிறது. ஆப்பிள் தளத்தில் எந்த நிறுவனம் என்று கேட்கும் இடத்தில், பின்னால் இணைத்துக்கொள்கிறேன் என்ற தேர்வை எடுங்கள். பெரிய எலக்ட்ரானிக்ஸ் கடைகளில் ஒரே ஃபோனுக்கு இரண்டு விலை போட்டிருப்பார்கள், குறைந்த விலை அங்கேயே ஒரு நிறுவனத்தில் ஆக்டிவேட் செய்பவருக்கு. முதலில் போடும் சிம் எந்த நிறுவனமோ அதற்கே லாக் ஆகிவிடும் வகை ஐபோன்களும் உண்டு. பில்லில் "அன்லாக்டு" என்ற சொல் இருக்கிறதா என்று பார்த்தபின் காசைக் கொடுங்கள். ஐபோனை வாங்கியதும் செட்டிங்ஸில் ஜெனரல், அபௌட் போய் கேரியர் லாக் என்ற வரியைப் பாருங்கள். சிம் கட்டுப்பாடு இல்லை என்று இருக்கவேண்டும். ஆண்ட்ராய்டில் வேறு நிறுவனத்து சிம் ஒன்றைப் போட்டுப் பார்ப்பதே நம்பகமான வழி. ஆப்பிளில் 14 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம், அதற்குள் பார்த்துவிடுங்கள்.

அமேசானில் "இன்டர்நேஷனல் வெர்ஷன்" என்று விலை குறைத்து ஒரு சாம்சங் கண்ணில் படும். அன்லாக்டு என்று சொல்வதும் உண்மைதான். ஆனால் அது வேறு நாட்டுக்குச் செய்த ஃபோன், மேலே சொன்ன எல்லாச் சிக்கலும் அதில் வரலாம், இங்கே வாரண்டியும் பெரும்பாலும் கிடையாது. அமெரிக்க அன்லாக்டு சாம்சங்கின் மாடல் எண் யு1 என்று முடியும். கையில் பணம் குறைவு என்றால் சாம்சங் ஏ வரிசையிலும் மோட்டோ ஜி வரிசையிலும் 200 டாலரை ஒட்டி நல்ல அன்லாக்டு ஃபோன் கிடைக்கிறது, படிக்கிற பிள்ளைக்கு அது தாராளம். அட்டையில் போட்ட விலைக்கு மேல் விற்பனை வரி தனி என்பதையும் கணக்கில் வையுங்கள். ஆரிகன், மொன்டானா, நியூ ஹாம்ப்ஷையர், டெலவேர் மாநிலங்களில் மட்டும் அந்த வரி இல்லை.

பழைய ஃபோனை ஃபேஸ்புக்கில் யாரிடமோ வாங்குவதை நான் தடுப்பேன். திருட்டு ஃபோன், தவணை கட்டாத ஃபோன் இரண்டின் ஐஎம்இஐயும் தடைப்பட்டியலில் போய்விடும். இன்று சுத்தமாக இருக்கும் ஃபோனும், விற்றவர் தவணையை நிறுத்தினால் சில மாதம் கழித்து உங்கள் கையில் செத்துப்போகும். பழையதுதான் வேண்டுமென்றால் ஆப்பிளே புதுப்பித்து விற்பதையோ, திருப்பி வாங்கிக்கொள்ளும் கடையையோ பாருங்கள். மொபைல் நிறுவனங்களின் சங்கமான சிடிஐஏவின் திருட்டு ஃபோன் சோதனைத் தளத்தில் ஐஎம்இஐயை இலவசமாகப் பார்க்கலாம்.

சரி, ஃபோன் வந்தாயிற்று. ஐபோன் 14இலிருந்து அமெரிக்க மாடல்களில் சிம் தட்டு கிடையாது, ஈசிம் மட்டும்தான். ஈசிம் ஏற்றும்போது நல்ல வைஃபையில் உட்காருங்கள், பாதியில் அறுந்தால் அலைச்சல். ஆக்டிவேஷனில் ஜிப் கோடு (இந்த நாட்டுப் பின்கோடு) கேட்பார்கள், அதைப் பொறுத்தே நம்பரின் ஏரியா கோடு அமையும். முடிந்ததும் ஒருமுறை ரீஸ்டார்ட் செய்து, ஒரு கால், ஒரு எஸ்எம்எஸ், வைஃபையை அணைத்துவிட்டு ஒரு இணையப்பக்கம், மூன்றையும் பாருங்கள். கால் ஓடி, இன்டர்நெட்டோ படம் அனுப்புவதோ ஓடவில்லை என்றால் ஏபிஎன் அமைப்பை (ஃபோனை நிறுவனத்தின் இன்டர்நெட்டோடு இணைப்பது அதுதான்) சரிபார்க்கவேண்டும், நிறுவனத்தின் உதவிப்பக்கத்தில் இருப்பதை எழுத்து மாறாமல் போடுங்கள். வைஃபை காலிங்கை ஆன் செய்யும்போது அவசர முகவரி கேட்கும். வைஃபை வழியாக 911 அழைக்கும்போது நீங்கள் இருக்கும் இடம் தானாகத் தெரியாவிட்டால், ஆம்புலன்ஸ் தேடிப்போவது அந்த முகவரிக்குத்தான். வீடு மாறினால் அதையும் மாற்றுங்கள்.

இந்த நம்பரைத்தான் வங்கி, வேலை, ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் கொடுக்கப்போகிறீர்கள். கூகுள் வாய்ஸ் போன்ற இணைய நம்பரைப் பல வங்கிகள் ஓடிபிக்கு ஏற்காது, ஆகவே நிஜ மொபைல் நம்பரே வேண்டும். நிறுவனம் மாறும்போது நம்பரைக் கூடவே கொண்டுபோகலாம்: பழைய நிறுவனத்திடம் அக்கவுண்ட் நம்பரும், டிரான்ஸ்ஃபர் பின் எனும் ரகசிய எண்ணும் வாங்கிப் புதியவரிடம் கொடுக்கவேண்டும். மாற்றம் முடியும்வரை பழைய இணைப்பை ரத்து செய்யாதீர்கள், செய்தால் நம்பர் போய்விடலாம். முன்பு வேறொருவர் வைத்திருந்த நம்பர் உங்களுக்கு வருவதும் இங்கே சகஜம். அவரைத் தேடி, அவருக்குக் கடன் கொடுத்தவர்கள் அழைத்தால் பயப்படவேண்டாம். ஆனால் குடியேற்ற அலுவலகம், எஸ்எஸ்என் அலுவலகம் என்று மிரட்டிப் பணம் கேட்கும் அழைப்பு வந்தால் மோசடி என்று வைத்து உடனே துண்டியுங்கள்.

இந்திய நம்பரை விட்டுவிடாதீர்கள், வங்கி ஓடிபி அதில்தான் வரும். இன்னும் கிளம்பாதவர்கள் ஊரிலேயே சர்வதேச ரோமிங்கை ஆன் செய்து, ஓடிபி வருமளவுக்குக் குறைந்த ரீசார்ஜைத் தொடருங்கள். அமெரிக்க ஐபோனுக்கு மாறும் எண்ணம் இருந்தால் அந்த சிம்மை ஈசிம்மாக மாற்றும் வேலையையும் ஊரிலேயே முடிப்பது நல்லது. சிம் மாற்றியபின் முதல் 24 மணி நேரம் எஸ்எம்எஸ் நிறுத்தி வைப்பார்கள், அதனால் விமானம் ஏறும் நாளில் அதைச் செய்யாதீர்கள்.

அப்பா அம்மா பார்க்க வரும்போதும் இதே சோதனைதான். டிக்கெட் போட்டதும் *#06# அழுத்தி வருவதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள், நீங்கள் இங்கிருந்தே போட்டுப் பார்க்கலாம். அவர்கள் ஃபோன் ஏற்காவிட்டால் உங்கள் பழைய அன்லாக்டு ஃபோனில் மாதாமாதம் கட்டும் ப்ரீபெய்டு ஒன்றைப் போட்டு, அவர்கள் வந்து இறங்கும் முன்பே சார்ஜ் ஏற்றித் தயாராக வைத்திருங்கள்.