மானிட்டரி டிரான்ஸ்மிஷன்: 'கடத்தல்' வேண்டாமே

அன்புடையீர்,
ரிசர்வ் வங்கி, வங்கிகளுக்குக் குறுகிய காலக் கடன் தரும் ரெப்போ வட்டியை மாற்றுகிறது. அது வங்கிக் கடன் வட்டிக்கும், அங்கிருந்து முதலீடு, நுகர்வு, விலைவாசிக்கும் போய்ச் சேர்வதற்கு, அதாவது மானிட்டரி டிரான்ஸ்மிஷனுக்கு, தமிழில் ஒரு சொல் வேண்டும். 'வெப்பக் கடத்தல்' போலப் 'பணக்கொள்கைக் கடத்தல்' எனலாமா?

> பணக்கொள்கைக் கடத்தல்

வேண்டாம் ஐயா. தலைப்பில் இடமில்லையென்று நாளிதழ் 'பணக் கடத்தல்' ஆக்கிவிடும். படிப்பவர் விமான நிலையச் சோதனையை நினைப்பார். 'பரிமாற்றம்' இருவழி. 'பாய்ச்சல்' அழகுதான், ஆனால் இலங்கைக் கணக்கியலில் 'காசுப் பாய்ச்சல்' ஏற்கெனவே வேரூன்றிவிட்டது. 'வட்டி இறக்கம்' அரைக்கிணறு: 2022 மே முதல் 2023 பிப்ரவரிக்குள் ரெப்போ 4இலிருந்து 6.5 சதவீதத்துக்கு ஏறியதும் இதில் அடங்க வேண்டும்.

> ஒரு சொல் வேண்டும்

ஒன்று போதாது, இரண்டு வேண்டும்: முழு நிகழ்வுக்கு ஒன்று, அதன் முதல் கட்டத்துக்கு ஒன்று. ரெப்போவிலிருந்து கடன் வட்டி வரை ஒரு கட்டம். கடன் வட்டியிலிருந்து செலவு, உற்பத்தி வரை இன்னொன்று.

2025 பிப்ரவரி முதல் ஜூன் வரை ரெப்போ 6.5இலிருந்து 5.5க்கு இறங்கியது. ரெப்போவோடு பிணைத்த வீட்டுக்கடனில் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியைத் திருத்த வேண்டும். வங்கி தன் நிதி திரட்டும் செலவை வைத்து வகுக்கும் எம்சிஎல்ஆர் வட்டியோடு பிணைத்த கடனில் பெரும்பாலும் ஆண்டுக்கு ஒருமுறைதான். மூன்றாண்டு வைப்புக்கு 7 சதவீதம் ஒப்புக்கொண்ட வங்கி, அது முதிரும்வரை கடன் வட்டியைக் குறைக்கத் தயங்கும். முதல் கட்டச் சுணக்கம் இங்கேதான்.

இரண்டாவது கட்டம் இன்னும் நழுவலானது. 30 லட்சம் ரூபாய்க் கடன், 20 ஆண்டு, 9 சதவீதம்: தவணை 26,992 ரூபாய். வட்டி 8 ஆனால் 25,093. கடன் தொடங்கியதுமே வட்டி குறைந்து, வங்கி தவணையைத் தொடாமல் காலத்தை மட்டும் சுருக்கினால், 240 மாதம் ஏறக்குறைய 203 ஆகும். கடன்காரருக்கு லாபந்தான்; ஆனால் இந்த மாதக் கடைச்செலவுக்கு ஒரு ரூபாயும் மிஞ்சாது. வட்டி இறங்கியது, வளர்ச்சிக்கு உந்துதல் வரவில்லை. ஆர்டர் இல்லாத ஆலைக்கும் இதே கதை, மலிவான கடனை வாங்கி என்ன செய்யும்?

முழு நிகழ்வுக்குக் 'கொள்கைக் கடத்துகை'. -கை விகுதி கள்ளக்கடத்தல் வாடையைப் போக்கிவிடும். முதல் கட்டத்துக்கு 'வட்டிச் சேர்வு'.

> வட்டிச் சேர்வு

நீங்கள் சொன்ன 'சேர்வை'க் கணக்குப்பிள்ளைகள் விடமாட்டார்கள், வரவேண்டிய வட்டி சேர்வதைத்தான் அவர்கள் அப்படிப் புரிந்துகொள்வார்கள். 'வட்டிப் பின்தொடர்வு' எப்படி? ஏறினாலும் இறங்கினாலும் பொருந்தும், அளக்கவும் முடியும்: ரெப்போ 1 சதவீதப் புள்ளி குறைந்து கடன் வட்டி 0.6 சதவீதப் புள்ளி குறைந்தால், 60 சதவீதப் பின்தொடர்வு. புதுக்கடனுக்கும் பழைய கடனுக்கும் இதைத் தனித்தனியே எழுத வேண்டும்.

'கடத்துகை'க்கு என் வாக்கு உண்டு. 'பண' மட்டும் முன்னால் ஒட்ட வேண்டாம்.