தோட்டத்து வீடு, வேலந்தாவளம் (குடும்பக் குழு)

கார்த்தி: காதுகுத்துக்கு வெள்ளிக்கிழமையே வந்துவிடுவேன். சரசு அத்தைக்கு ஒரு மூலிகை மாத்திரை வாங்கி வைத்திருக்கிறேன், இங்கே ஜோஹானிஸ்கிராவுட் என்பார்கள். மனச்சோர்வுக்கு ஜெர்மனியில் ரொம்ப காலமாகச் சாப்பிடுகிறார்கள். வேறு யாருக்கு என்ன வேண்டும்?

மணி சித்தப்பா: வலித்தைலம்

பொன்னி சித்தி: போன தடவை மாதிரி கசக்கிற சாக்லேட் வேண்டாம் கண்ணு, பிள்ளைகள் தொடவே இல்லை

செல்வி: கார்த்தி, அந்த மாத்திரையை அத்தை கையில் கொடுத்துவிடாதே

பொன்னி சித்தி: மூலிகைதானே செல்வி

செல்வி: அரளியும் செடிதானே சித்தி. அத்தைக்கு 2019இல் இதய வால்வு மாற்றியதிலிருந்து தினமும் ராத்திரி வார்ஃபரின் போகிறது, ரத்தம் உறையாமல் இருக்க. இந்தச் செடிக்கு இங்கிலீஷில் செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று பேர். இது உள்ளே போனால் கல்லீரல் மற்ற மருந்துகளை வேகமாக உடைத்து வெளியே தள்ள ஆரம்பித்துவிடும். வார்ஃபரின் சரியாக வேலை செய்யாது, ரத்தம் உறைய ஆகும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் இறங்கும், வால்வில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம், அது மூளைக்குப் போனால் பக்கவாதம். நிறுத்தினாலும் 2 வாரம் வரைக்கும் அந்த வேகம் அடங்காது. மருந்துக்கடையில் நிற்கிறவள் சொல்கிறேன், கேளுங்கள்.

மணி சித்தப்பா: ஐயோ

கார்த்தி: லேசான சோர்வுக்கு நல்லது என்று சொல்லித்தான் கொடுத்தார்கள் அக்கா

செல்வி: அது பொய் இல்லை. லேசான, நடுத்தரச் சோர்வுக்குப் பலன் இருப்பதாக ஆய்வுகள் உண்டு. பெரும்பாலும் 300 மி.கி. மூன்று வேளை, தெரிய 4 முதல் 6 வாரம் ஆகும். ஆனால் அது வேறு மருந்து எதுவும் சாப்பிடாதவர்களுக்கு, அதுவும் டாக்டரிடம் சொல்லிவிட்டு. மனநல மாத்திரையோடு சேர்த்தால் நடுக்கம், காய்ச்சல், படபடப்பு என்று ஆபத்தில் முடியலாம். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு அது பலிக்காமல் போகலாம். சிலருக்கு வெயில் பட்டால் தோல் எரியும், நம் பாலக்காட்டு வெயிலைச் சொல்லவேண்டுமா

பொன்னி சித்தி: அப்படியென்றால் வைத்தியசாலையில் அமுக்கரா லேகியம்?

செல்வி: அத்தைக்குத் தைராய்டு மாத்திரையும் இருக்கிறது சித்தி. அமுக்கரா தைராய்டு அளவை மாற்றலாம். கேட்காமல் வேண்டாம்.

வித்யா: என் அம்மாவுக்கு மனச்சோர்வு என்று யார் முடிவு செய்தது? என்னிடம் யாரும் சொல்லவில்லையே

பொன்னி சித்தி: ஞாயிற்றுக்கிழமை மட்டும் பேசினால் எப்படித் தெரியும்

மணி சித்தப்பா: பொன்னி

மணி சித்தப்பா: வித்யா, உங்கள் வீட்டில் எத்தனை பேர் வருகிறீர்கள்? சமையல்காரர் கணக்குக் கேட்கிறார்

வித்யா: மூன்று பேர் மாமா. அவருக்குக் கறி வேண்டாம்

பொன்னி சித்தி: கிடாய் வெட்டுக்கு வந்து சாம்பாரா

சரசு அத்தை: எல்லாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ராத்திரி மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கம் இல்லை. மாமா இருந்தபோது அது பால் கறக்கிற நேரம். இப்போது மாடும் இல்லை, எழுந்து என்ன செய்ய. கார்த்தியை யாரும் ஒன்றும் சொல்லாதீர்கள், அத்தனை தூரத்தில் இருந்து நினைத்து வாங்கியிருக்கிறான்.

வித்யா: அம்மா

செல்வி: அத்தை, தைராய்டு ஏறி இறங்கினாலும் இப்படி ஆகும், ரத்தப் பரிசோதனை செய்து எவ்வளவு நாள் ஆயிற்று? இதய டாக்டரிடமே தூக்கம் இல்லாததையும் சொல்லலாம், வார்ஃபரின் தெரிந்தவர் பார்த்துக் கொடுப்பார். ராத்திரி மனசு தாங்கவில்லை என்றால் 14416க்குக் கூப்பிடுங்கள், டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், காசு கிடையாது, எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். என்னையும் கூப்பிடலாம். மூன்று மணி ஆனாலும்.

மணி சித்தப்பா: வியாழன் பந்தல்காரர் வருகிறார். நான் கூட்டிப்போக முடியாதே

கார்த்தி: சனிக்கிழமை நான் போகிறேன். மாத்திரை பெட்டியிலேயே இருக்கட்டும்

செல்வி: சனிக்கிழமை டாக்டர் இருப்பாரா என்று கேட்கவேண்டும்

வித்யா: திங்கள் வரைக்கும் லீவு சொல்லிப் பார்க்கிறேன்

பொன்னி சித்தி: பார்க்கிறேன் என்றால்?

சரசு அத்தை: மணி, நம் வெள்ளைப் பசுவை வாங்கினவர் வீடு தெரியுமா?

மணி சித்தப்பா: கோபாலபுரம் பக்கம் அக்கா. காதுகுத்து முடியட்டும், ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வரலாம்

சரசு அத்தை: கன்று போட்டிருக்கும்