14 லட்சத்துக்கு பிஎஸ்ஏ எம்20, ஆனா நம்பர் ரெண்டும் வேற வேற!!

கொட்டாஞ்சேனை ரைடர்:
நுகேகொடயில ஒருத்தர் யுத்த காலத்து இங்கிலாந்து பைக் ஒண்டை விக்க விளம்பரம் போட்டிருக்கார், "1942 பிஎஸ்ஏ எம்20, ஃபுல் ஒரிஜினல், 14 லட்சம், பேரம் இல்ல". ஃபோட்டோவை பெருசாக்கிப் பாத்தா எஞ்சின் நம்பர் ஒண்டு, ஃப்ரேம் நம்பர் இன்னொண்டு. ரெண்டு பைக்கை ஒட்டி ஒண்டாக்கி எங்கட தலையில கட்டப் பாக்கிறானுகள்.

பழைய இரும்பு:
தம்பி, தெரியாட்டி கேளுங்க, மனுசனை கள்ளன் எண்டு எழுதாதீங்க. பிஎஸ்ஏக்காரன் அந்தக் காலத்துல எஞ்சினுக்கு ஒரு வரிசை ஃப்ரேமுக்கு வேற வரிசை எண்டுதான் நம்பர் அடிச்சான், பேக்டரியை விட்டு வரக்குள்ளயே ரெண்டும் வேற வேற, ஒரே நம்பரா இருந்தாத்தான் நான் பயப்படுவன், யாரோ ஃபைல் போட்டு தேய்ச்சிட்டு புதுசா அடிச்சிருக்கான் எண்டு. பாக்க வேண்டியது நம்பருக்கு முன்னால டபிள்யூஎம்20 எண்டு இருக்கா, பைக்கிட பதிவு புக்ல இருக்கிற நம்பர்தானா, இவ்வளவுதான்.

கொட்டாஞ்சேனை ரைடர்:
மாமாட ட்ரயம்ப் பைக்ல ரெண்டும் ஒரே நம்பர். அதுக்கு என்ன சொல்றீங்க?

பழைய இரும்பு:
அது ட்ரயம்ப். இது பிஎஸ்ஏ.

கொட்டாஞ்சேனை ரைடர்:
1951ல ட்ரயம்பை வாங்கினதே பிஎஸ்ஏதான் அண்ணே 😂 நம்பர் ஒத்து வரணும்.

பழைய இரும்பு:
வாங்கினா? ட்ரயம்ப் செஞ்சது மெரிடன்ல, பிஎஸ்ஏ ஸ்மால் ஹீத்ல. பேக்டரி ரெண்டு, பழக்கமும் ரெண்டு. அதோட நீங்க சொல்ற பைக் 1942, அப்ப ட்ரயம்ப் இவங்கட கைக்கே வரல்ல.

சும்மா பாக்க வந்தவன்:
ஒரிஜினல் எண்டா பேக்டரில இருந்து வந்த மாதிரியேவா, இல்ல பழைய சாமான் போட்டு செஞ்சதும் ஒரிஜினலா? முதல்ல அதை பேசுவமா?

தெமட்டகொட நானா:
நம்பரை விடுங்க மகன், முன் ஃபோர்க்கை பாத்தீங்களா? டெலிஸ்கோப்பிக் ஈக்கு, குழாய்க்குள்ள குழாய் இறங்குற மாதிரி. யுத்த காலத்து எம்20க்கு கேர்டர் ஃபோர்க், வெளிய ஸ்பிரிங் வச்ச இரும்புச் சட்டம், மத்தது வந்தது யுத்தம் முடிஞ்ச பொறகு. 13 குதிரை வலு சைட் வால்வு எஞ்சினுக்கு 14 லட்சமாம். 6 குடுத்தாலே கூட.

பழைய இரும்பு:
ஃபோர்க்கை எவனும் மாத்தலாம் நானா, இங்க கதை நம்பர். 6 லட்சத்துக்கு இப்ப ஸ்கூட்டி பாருங்க.

தெமட்டகொட நானா:
ஓ, நீங்க செல்லுவீங்கதான். போன நோன்புக்கு முந்தி எனக்கு ஒரு அமால் கார்ப்பரேட்டர் வித்தீங்களே, "இங்கிலாந்து சாமான்" எண்டு? கழட்டிப் பாத்தா இந்தியாவுல வார்த்தது. பெட்ரோல் போற ஜெட் கூட சரியா இறங்கல்ல.

பழைய இரும்பு:
8,000 ரூபாக்கு இங்கிலாந்து சாமானா வரும்?

தெமட்டகொட நானா:
அப்ப ஏன் இங்கிலாந்து எண்டு சென்னீங்க???

கொட்டாஞ்சேனை ரைடர்:
அண்ணே, அப்ப நம்பர் ரெண்டும் வேற வேற எண்டு ஒத்துக்கிட்டீங்கதானே.

பழைய இரும்பு:
டேய், நான் முதல்ல இருந்து அதைத்தான்டா சொல்றன்!!! பஞ்சிகாவத்தையில 30 வருஷமா இந்த இரும்போட கிடக்கிறன், நேத்து ஹெல்மெட் வாங்கினவன் எனக்கு நம்பர் படிப்பிக்கிறான்.

கொட்டாஞ்சேனை ரைடர்:
30 வருஷமா பிழையா படிச்சா நாங்க என்ன செய்ய. அவ்வளவு நல்ல பைக்னா 14 குடுத்து நீங்களே எடுங்க. இல்லாட்டி அது உங்கட ஆள் போட்ட விளம்பரமா?

பழைய இரும்பு:
என்ர ஆள் இல்ல. நானா, கார்ப்பரேட்டர் விஷயத்தை மெசேஜ்ல கதைப்பம், இங்க வேணாம்.

தெமட்டகொட நானா:
ஏன் வேணாம்? இங்கயே கதைப்பம். எல்லாரும் பாக்கட்டும்.